மச்சி, நீ கேட்ட பைலட் சமாச்சாரம்

டேய் மச்சி,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடல, திட்டிக்கோ. முதல் சோலோ, அதான் தனியா விமானம் ஓட்டுறது, முடிச்சிட்டியாமே, சூப்பர்டா, பரீட்சைன்னாலே காய்ச்சல் வர்ற ஆளு நீ, இப்ப வானிலை சார்ட் எல்லாம் உக்காந்து படிக்குறியா, நம்பவே முடியல. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல எனக்கு பெரிய நிம்மதி, சொட்டு மருந்த மட்டும் நேரத்துக்கு போட சொல்லு.

பைலட் லைசென்ஸ் வாங்குனதும், பேஷன்ட்டுங்கள சின்ன விமானத்துல இலவசமா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போற குரூப்ல என்னை மாதிரி நீயும் சேரலாமான்னு கேட்டிருந்த. முதல்ல ஒண்ணு, இது ஆம்புலன்ஸ் கிடையாது. ஸ்ட்ரெச்சர், நர்ஸ் எதுவும் இல்ல. தானா ஏறி உக்காந்து பெல்ட் போட்டுக்கிட்டு வழியில வைத்திய உதவி தேவைப்படாம வர்றவங்கதான் வரலாம், அதுக்கும் டாக்டர் கையெழுத்து வேணும். பெரும்பாலும் கீமோவுக்கு போறவங்க, உறுப்பு மாற்று சிகிச்சைக்கு அப்புறம் செக்கப் போறவங்க, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல இல்லாதவங்க. மலைய சுத்தி கார்ல ஆறு மணி நேரம் போற தூரத்த நம்ம சின்ன விமானம் ஒன்றரை மணியில தாண்டிடும். கீமோ முடிஞ்சு எதிர்ப்பு சக்தி இல்லாம இருக்குறவங்களுக்கு கூட்டத்துல இடிபட்டு பெரிய ஃப்ளைட்ல போக வேண்டாம்ங்குறதும் ஒரு பெரிய விஷயம். போறத விட திரும்பி வர்றதுதான் அவங்களுக்கு முக்கியம்னு எனக்கு தோணும், ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு பாதி வழியிலயே தூங்கிடுவாங்க.

காசு பத்தி கேட்டியே, இங்க அமெரிக்காவுல பேஷன்ட் ஒரு டாலர் கூட தர வேண்டாம், பெட்ரோல் நம்ம கைக்காசு, அந்த செலவ டேக்ஸ்ல நன்கொடையா காட்டிக்கலாம், அவ்ளோதான். பிரைவேட் லைசென்ஸ வச்சு கூலிக்கு ஆள் ஏத்தக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, தெரியும்ல. 1983ல சான்டா மோனிகாவுல ஆரம்பிச்ச ஏஞ்சல் ஃப்ளைட் வெஸ்ட்ல இருந்து இன்னிக்கு இருக்குற குரூப்புங்க வரைக்கும் இதே கதைதான். கனடாவுல ஹோப் ஏர் 1986ல வந்துச்சு, ஆஸ்திரேலியாவுல ஏஞ்சல் ஃப்ளைட் 2003ல.

அப்புறம் வெயிட். நாலு சீட் இருக்குன்னு நாலு பேர ஏத்துனா கதை முடிஞ்சது. செஸ்னா 172ங்குற நாலு சீட் சின்ன விமானத்துல ரெண்டு டேங்க்கும் ஃபுல் பண்ணா பெட்ரோலே கிட்டத்தட்ட 145 கிலோ, மிச்சம் இருக்குற சுமார் 250 கிலோக்குள்ளதான் நீ, பேஷன்ட், கூட வர்றவங்க, பை எல்லாமே. அதனால முன்னாடியே ஃபோன்ல எடை கேட்டுருவோம், சிலர் கூச்சப்பட்டு கம்மியா சொல்வாங்க, நான் மனசுக்குள்ள கொஞ்சம் கூட்டிக்குவேன். தூரம் ஜாஸ்தியா இருந்தா நடுவுல ஒரு ஏர்போர்ட்ல இன்னொரு பைலட் கிட்ட ஒப்படைச்சிட்டு திரும்பிடுவோம்.

ஆனா நான் உனக்கு எழுத நினைச்சது இதெல்லாம் இல்லடா. சும்மா ஊர் சுத்த போறப்ப மேகம் கீழ இறங்கியிருந்தா, நாளைக்கு பாத்துக்கலாம்னு வீட்டுக்கு போயிடுவ. பக்கத்துல ஒரு சின்ன பொண்ணும் அவ அம்மாவும் பையோட நிக்குறப்ப, நாளைக்கு காலையில அப்பாயின்ட்மென்ட்னு அவங்க சொல்றப்ப, அதே மேகம் கொஞ்சம் உயரமா தெரியும். ஆஸ்திரேலியாவுல ஏஞ்சல் ஃப்ளைட்டுக்காக இப்படி பேஷன்ட்ட கூட்டிட்டு போன விமானங்கள்ல ரெண்டு விபத்து நடந்துச்சு, 2011ல விக்டோரியாவுல, 2017ல மவுண்ட் கேம்பியர்ல. ரெண்டுலயும் பைலட்டோட சேத்து மூணு மூணு பேர் போயிட்டாங்க. முதல்ல சொன்னது சிகிச்சை முடிஞ்சு திரும்புறப்ப, இருட்டுற நேரம், தாழ்வான மேகம். ரெண்டாவது மூடுபனி, தரைய விட்டு கிளம்பி ஒரு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். மேகத்துக்குள்ள போயிட்டா காதுக்குள்ள இருக்குற சமநிலை பொய் சொல்ல ஆரம்பிச்சிடும், நேரா போறோம்னு நினைச்சிட்டே சாய்ஞ்சு இறங்கிட்டு இருப்போம், இன்ஸ்ட்ருமென்ட்ட மட்டும் நம்பி ஓட்ட பழகலன்னா வெளிய வர்றது கஷ்டம். அதுக்கப்புறம் 2019ல அங்க குறைந்தபட்ச அனுபவம், மெயின்டெனன்ஸ், ராத்திரி பறக்குறதுன்னு எல்லாத்துக்கும் தனி கட்டுப்பாடு போட்டாங்க, ஏஞ்சல் ஃப்ளைட் அத எதிர்த்து கோர்ட்டுக்கே போச்சு. கட்டுப்பாடு கூடுனா பைலட்டுங்க குறைவாங்கன்னு அவங்க பக்கம் நியாயம் இருக்கு, இருந்தாலும் எனக்கு அந்த கட்டுப்பாடு தப்பா படல.

எங்க குரூப்ல முதல் ஃபோன்லயே பேஷன்ட் கிட்ட சொல்லிடுவோம், இது கேன்சல் ஆகலாம், பஸ்ஸோ ட்ரெயினோ இன்னொரு வழி கையில வச்சுக்கோங்கன்னு. அத சொல்லி வச்சாதான் காலையில வானத்த பாத்துட்டு வரலன்னு சொல்ல வாய் வரும். சில பைலட்டுங்க அந்த வேலைய ஒருங்கிணைக்குறவங்க கிட்ட விட்டுருவாங்க, நான் நானே ஃபோன் பண்ணிடுவேன், திட்டு விழுந்தாலும் பரவால்ல, பெரும்பாலும் விழாது. நோயாளிங்களுக்கு காத்திருக்குறது பழகின விஷயம், நமக்குதான் அவசரம்.

அதனால லைசென்ஸ் வாங்கின கையோட சேராத. முதல்ல இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதான் வெளிய பாக்காம கருவிய மட்டும் வச்சு ஓட்டுறதுக்கான தகுதி, அத முடி, கொஞ்ச நாள் தனியா பற, வேணும்னா யாராவது சீனியர் பைலட்டுக்கு பக்கத்து சீட்ல போய் பாரு. எனக்கே உன்ன கூட்டிட்டு போகணும்னு ஆசைதான், ஆனா உன் எடைய உண்மையா சொல்லணும்!

பொண்ணுக்கு எந்த காலேஜ்ல சீட் கிடைச்சுது? உன் முதுகு வலி எப்படி இருக்கு, அதையும் எழுது. எனக்கு அடுத்த மாசம் மெடிக்கல் செர்டிபிகேட் புதுப்பிக்கணும், பிரஷர் ஒழுங்கா இருந்தா சரி.

உன்,
பழைய பெஞ்ச் பார்ட்னர்