பயணப் பணம் முன்கூட்டியே வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளம் ஆய்வாளர்களுக்கான கணித மாநாடுகளுக்கு நிதி ஒதுக்கும் முறை பற்றி எழுதுகிறோம். பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாத அமைப்புகளை ஆராயும் பரிமாற்று இயற்கணிதத்தையே எடுத்துக்கொள்வோம். பல்லுறுப்புக்கோவை வளையங்களைப் (பல்லுறுப்புக்கோவைகளைக் கூட்டவும் பெருக்கவும் கூடிய அமைப்புகளைப்) பற்றி 1955-ல் பிரெஞ்சு அறிஞர் செர் எழுப்பிய கேள்விக்கு, இரண்டு மாறிகள் வரை விடை கண்டவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி. ஆண்டு 1958, அவருக்கு வயது 26. எத்தனை மாறிகளானாலும் அதே விடைதான் என்பதைக் அமெரிக்க அறிஞர் குவில்லனும் சோவியத் அறிஞர் சுஸ்லினும் 1976-ல் தனித்தனியாக நிறுவினார்கள்.

இன்று அதே வயதில் இதே துறையில் உழைக்கும் மாணவருக்குத் தம் கல்லூரியில் பேச்சுத்துணைக்குக்கூட இன்னொருவர் இருப்பது அரிது. ஆறு நாள் மாநாடு ஒன்றுதான் அந்தக் குறையைத் தீர்க்கும்.

அதற்கு என்ன செலவாகும்? 40 மாணவர்கள், 6 பேச்சாளர்கள் என்று வையுங்கள். விடுதி அறை ஆளுக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய் வீதம் மாணவர்களுக்கு 1,44,000. அனைவருக்கும் சாப்பாடு, அதே 600 வீதம், 1,65,600. மாணவர்களின் ரயில் கட்டணம் போக வர 4,500 வீதம் 1,80,000. பேச்சாளர்களின் விமானப் பயணமும் தங்கலும் 1,62,000. சில்லறைச் செலவும் சேர்த்தால் ஏழு லட்சம். அரங்க வாடகை இதில் இல்லை. கல்லூரி வளாகத்திலேயே நடத்தலாம்.

கேட்ட ஏழு லட்சம் நான்கு லட்சமாகக் குறைந்தால் முதலில் கைவைப்பது மாணவர்களின் பயணச் செலவில்தான். பேச்சாளர்கள் வருவார்கள், தேநீரும் வரும். கேட்க வேண்டியவர்களில் பக்கத்து ஊர்க்காரர்கள் மட்டுமே வருவார்கள்.

இன்னொரு சிக்கல், தேதி. ரயிலில் இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. நிதி ஒப்புதல் மாநாட்டுக்கு மூன்று வாரம் முன்பு வந்தால், கையில் கிடைப்பது காத்திருப்புப் பட்டியல் டிக்கெட். 'வந்துபோன பிறகு டிக்கெட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள்' என்பதும் கஷ்டம். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்றாலும், அது மாதக்கணக்கில் தள்ளி வரும் இடங்கள் உண்டு. உதவித்தொகையே இல்லாமல் தனியார் கல்லூரியில் பாடம் எடுத்தபடி ஆய்வு செய்பவருக்கு 4,500 ரூபாய் பெரிய தொகை.

ஆகவே தேசிய உயர்கணித வாரியம் போன்ற அமைப்புகளுக்கு எங்கள் வேண்டுகோள்: ஒப்புதலை 90 நாட்களுக்கு முன்பே தாருங்கள். மாணவர் பயணத்துக்கான தொகையைத் தனியாகக் குறித்து, வேறு எதற்கும் மாற்ற முடியாதபடி செய்யுங்கள். டிக்கெட்டை நடத்தும் நிறுவனமே எடுத்துக் கொடுக்கட்டும்.

நிகழ்ச்சி நிரலையும் பார்த்து நிதி தர வேண்டும். ஒரு மணி நேர உரைகளை வரிசையாக அடுக்கினால், இருபதாவது நிமிடத்தில் புதியவர்கள் திணறிவிடுவார்கள். காலையில் இரண்டு பாடம், பிற்பகல் முழுக்கக் கணக்கு என்பதே பயன் தரும். மேசைக்கு நான்கு பேர், கூடவே வழிகாட்ட ஒருவர். முப்பரிமாண வெளியில் முறுக்கிய கன வளைவை எடுத்து, அதை வரையறுக்கும் மூன்று இருபடிக்கோவைகளையும் அவற்றுக்கிடையிலான இரண்டு உறவுகளையும் முதலில் கையால் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இயற்கணிதக் கணக்குகளுக்கான இலவச மென்பொருளான மெக்காலே2-இல் சரிபார்த்து, 1, 3, 2 என்ற எண்கள் (3 கோவைகளையும் 2 உறவுகளையும் குறிப்பவை) திரையில் வரும்போது பாடம் மனதில் ஏறும். பெரிய கணக்குகளை விகிதமுறு எண்களில் ஓட்டினால் கெழுக்கள் பெருத்து நினைவகம் நிரம்பிவிடும். 32003 என்ற பகா எண்ணால் வகுத்த மீதிகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் முடிவுறு புலத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் தேவை. விண்டோஸ் கணினியில் அந்த மென்பொருளை ஓட்ட முதலில் லினக்ஸ் வசதியை நிறுவ வேண்டும். அதை மாணவர்கள் ஊரிலிருந்தே முடித்துவர ஒரு வாரம் முன்பே குறிப்பு அனுப்பினால், முதல் நாள் காலை வீணாகாது.

இப்படிக்கு,
கணிதத் துறை ஆசிரியர்கள் இருவர்,
திருச்சிராப்பள்ளி