காற்று எழுந்த பிறகு ட்ரோனை ஏற்றச் சொல்லாதீர்கள்

மதுரைப் பக்கம் பெரியாறு பாசனத்தில் நெல் போடும் கள்ளந்திரி, மேலூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்து விவசாயிகளுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். விடிகிற நேரத்தில் லோடு ஆட்டோவில் ஜெனரேட்டரும் பேட்டரிகளும் தண்ணீர்க் கேன்களுமாக வரப்போரம் வந்து இறங்குகிற பெண் நான்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு; "ட்ரோன்காரத் தாயி" என்றே வாய்க்குப் பழகிவிட்டது. பைலட் சான்றிதழ் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதலில் ஒரு வாடகை நிறுவனத்தில் சம்பளத்துக்கு ஓட்டினேன். இப்போது பயிருக்கு மருந்து தெளிக்கும் எங்கள் மகளிர் குழுவின் ட்ரோனை ஓட்டுகிறேன். உங்கள் வயல்களில் கிடைக்கும் கூலியில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்த உரிமையில் ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஆடி கடைசி வாரத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் பெயர் வேண்டாம். நான்கு ஏக்கர் நெல். முந்தைய வயலில் ஜெனரேட்டர் மக்கர் செய்ததால் நான் போய்ச் சேரும்போதே மணி ஒன்பதே கால். மேலக்காற்று எழுந்துவிட்டது. தென்னை ஓலைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து நின்றன. கையடக்கக் காற்றுமானியைத் தூக்கிப் பிடித்தேன். விநாடிக்கு நாலு மீட்டர், நாலரை மீட்டர் என்று ஏறி இறங்கியது. மூன்றைத் தாண்டினால் ட்ரோனை இறக்கிவிட வேண்டும் என்பது எனக்கு நானே வைத்திருக்கும் கணக்கு. வயல்காரர் வயதில் என் அப்பாவுக்கு மூத்தவர். "புகையான் பிடித்துவிட்டது தாயி. இன்றைக்கு விட்டால் நாளைக்கு வட்டம் வட்டமாகக் கருகிவிடும். வட்டிக்கு வாங்கிப் போட்ட வெள்ளாமை" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. புகையான் என்கிற அந்தத் தத்துப்பூச்சி அப்படித்தான் அடிக்கும். நான் ட்ரோனை ஏற்றினேன்.

கிழக்கே ஒரு வாய்க்கால். அதைத் தாண்டி மல்லிகைத் தோட்டம். அன்றைக்கு மொட்டு அதிகம் போலிருக்கிறது, மூன்று பெண்கள் இன்னும் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ட்ரோன் திரும்பும்போது ஓர் அக்கா முந்தானையை மூக்கில் வைத்து அழுத்துவது தெரிந்தது. உடனே நாசிலை நிறுத்தி இறக்கினேன். அதற்குள் போனது போனதுதான். பத்து நிமிடத்தில் அவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது, வாந்தி எடுத்தார், காலை ஊன்ற முடியவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன மருந்து?" அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. காலிப் புட்டி வரப்பில் கிடந்தது. நான் திரும்ப ஓடி அதை எடுத்து வந்தேன். ஒரு நாள் இரவு வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

அவருடைய பூக்கூடையை நான்தான் கையில் வைத்திருந்தேன். இரண்டு கிலோவுக்குக் குறையாது. விரல் நுனி நீளத்தில் பச்சைக் காம்போடு இறுகிய வெள்ளை மொட்டுகள்; மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போயிருந்தால் நல்ல விலை போயிருக்கும். முகர்ந்து பார்த்தேன். மல்லிகை வாசத்துக்கு அடியில் மருந்து வாடை. அதை யார் தலையில் வைப்பது? குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் பூவுக்கான பணத்தைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு கேட்டார்: "நாங்கள் அங்கே நிற்பது உனக்குத் தெரியாதா தாயி?"

தெரியும். தெரிந்துதான் ஏற்றினேன்.

அன்றிலிருந்து இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வயல்காரர் மேல் பழி போடமாட்டேன். ரிமோட் என் கையில் இருந்தது. ஆனால் அந்த ஒன்பதே கால் மணி எப்படி வந்தது என்பதை நீங்களும் பார்க்க வேண்டும்.

கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம் சுமார் 45,000 ஏக்கர். தண்ணீர் திறந்தால் எல்லாரும் ஒட்டி ஒட்டித்தான் நடுகிறோம். பூச்சியும் ஒரே வாரத்தில் வருகிறது. எல்லாரும் ஒரே நாளில் எனக்குப் போன் செய்கிறீர்கள். ஒருவருக்கு இங்கே ஒரு ஏக்கர், இன்னொருவருக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒன்றரை ஏக்கர். தெளிக்க ஏக்கருக்கு ஏழெட்டு நிமிடம் போதும். வண்டியில் ஏற்றி, ஓடி, இறக்கி, மருந்து கலந்து, பேட்டரி மாற்றுவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். ஆடியில் காலையில் எனக்குக் கிடைப்பது ஆறிலிருந்து எட்டரை, ஒன்பது வரைதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிற ஊர் நம்முடையது; மருந்துத் துளி பறக்காதா? கூலியோ ஏக்கருக்கு 500 ரூபாய். ஏற்றினால் உண்டு, ஏற்றாவிட்டால் டீசல் காசும் கைக்கடன். இந்தக் கணக்கில் நிற்கிற எந்த ஓட்டியும் காற்றுமானியைப் பார்த்தும் பாராதது போல் பைக்குள் வைத்துவிடுவான். நானே வைத்தேன்.

ட்ரோன் மருந்து ஏன் இப்படிப் பறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் "பத்து லிட்டரில் என்ன நனையப்போகிறது, இன்னும் கொஞ்சம் ஊற்று" என்கிறீர்கள். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலக்கிற அதே மருந்தை நான் 10 லிட்டரில் கரைக்கிறேன். என் டேங்கில் இருப்பது இருபது மடங்கு அடர்த்தியான கரைசல். பத்து லிட்டரை ஒரு ஏக்கர் முழுக்கப் பரப்ப வேண்டுமானால் துளி பொடியாக இருந்தாக வேண்டும். பெரிய துளி நேரே இறங்கி இலையில் உட்காரும்; பொடித் துளி காற்றின் கையைப் பிடித்துக்கொண்டு போகும். வெயில் ஏறிவிட்டால் துளியிலிருக்கும் தண்ணீர் வழியிலேயே உலர்ந்து, அது இன்னும் சிறுத்து இன்னும் தூரம் போகும். பயிருக்கு மேல் ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் ஓட்டும்போது விசிறிகளின் கீழ்க்காற்று மருந்தைத் தூர் வரை தள்ளுகிறது. அதுதான் ட்ரோனின் பலம். பக்கக்காற்று பலத்துவிட்டால் அந்தக் கீழ்க்காற்று தோற்றுவிடும். ஆகவே கூடுதலாக ஊற்றுகிற மருந்து உங்கள் நெல்லுக்குப் போவதில்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போகிறது.

துளிக்கூடக் காற்றில்லாத நேரமும் எனக்கு உவப்பில்லை. மார்கழி விடியலில் புகை மேலே ஏறாமல் வயல் மேல் படுத்துக் கிடக்குமே, அப்போது தெளித்தால் பொடித் துளிகளும் அந்தப் புகையைப் போலவே தொங்கிக்கொண்டு எந்தப் பக்கம் நகருமோ தெரியாது. இலை லேசாக அசைகிற, ஒரே பக்கம் வீசுகிற இளங்காற்றுதான் எனக்கு வேண்டியது.

ட்ரோனே வேண்டாம் என்று யாராவது இதைப் படித்துவிட்டுச் சொன்னால் எதிர்த்து நிற்கும் முதல் ஆள் நான். என் அப்பா இருபது ஆண்டுகள் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்தவர். மருந்தடித்த நாள் இரவில் அவர் கை நடுங்கும்; சோற்றைப் பிசைய முடியாது. நனைந்த சட்டையை அம்மா எங்கள் துணிகளோடு ஒரே தொட்டியில் அலசுவார். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பக்கம் பருத்திக்கு மருந்தடித்த கூலியாட்களும் விவசாயிகளும் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த நஞ்சுப் புகைக்குள் மனிதன் நடக்க வேண்டியதில்லை என்பதற்காகவே நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அப்பா முதுகிலிருந்து இறக்கிய சுமையை மல்லிகை பறிக்கிற ஓர் அக்காவின் மூச்சில் கொண்டுபோய் வைப்பதற்கு அல்ல.

வானத்திலிருந்து மருந்து என்றால் கேரளத்தின் காசர்கோடு நினைவுக்கு வராமல் இருக்காது. முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தது 2000 வரை நடந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தையே நாடு முழுக்கத் தடுத்தது. இரண்டு மீட்டர் உயரத்தில் ஓடும் என் ட்ரோனையும் அந்த ஹெலிகாப்டரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒன்றில் மட்டும் இரண்டும் ஒன்று: பக்கத்தில் இருப்பவரிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எப்போதோ எழுதிவிட்டார்கள். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 43-ஆவது விதி, வான்வழித் தெளிப்பு பற்றியது. வயலுக்கு ட்ரோன் வராத காலம், விமானத்துக்காக எழுதியது. தெளிப்பதற்கு இருபத்து நான்கு மணி நேரம் முன்பே, உரிய அதிகாரிகள் வழியாக, மக்களுக்கு அறிவிக்க வேண்டும். இடத்தை அடையாளமிட வேண்டும். வேலைக்குத் தொடர்பில்லாத ஆட்களும் ஆடுமாடும் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். கழுவிக்கொள்ளவும் முதலுதவிக்கும் வசதி வேண்டும். பைலட்டுக்கு அந்த மருந்து உடம்பில் என்ன செய்யும் என்ற பயிற்சியும் வேண்டும். படிக்கும்போது ஒவ்வொரு வரியும் அந்த ஆடி காலையைப் பார்த்து எழுதியது போல் இருந்தது. அந்த அக்காவுக்கு ஒரு நாள் முன்பு தெரிந்திருந்தால் ஏழு மணிக்கே பூவை முடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சுகிறவர்கள் நீங்கள். எந்த மடைக்கு எந்த நாள் என்று நீர்பாய்ச்சி சொன்னால் கேட்கிறீர்கள். மருந்துக்கும் அதே முறையை வையுங்கள். ஒரு மடையில் பாயும் வயல்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே காலை. வரப்பு விட்டு வரப்பு தாண்டி இருபது ஏக்கரை நான் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவேன். சாலையில் ஓடுகிற நேரம் மிச்சம். முதல் நாள் மாலையே கோயில் ஒலிபெருக்கியிலோ பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலோ சொல்லிவிடலாம். ஏக்கர் கணக்கை விட்டுவிட்டு நாள் கூலி பேசுங்கள், அல்லது காற்றால் நின்ற நாளுக்கு டீசல் செலவையாவது கொடுங்கள். இறக்குகிறேன் என்று நான் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது என்று வையுங்கள். "பக்கத்து ஊர்ப் பையன் ஏற்றுவான், அவனைக் கூப்பிடுகிறேன்" என்ற சொல் எனக்கு அடியைவிட வலிக்கிறது. அவனுக்கும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும்; அவனும் ஏற்றுவான்.

மல்லிகையை ஒட்டிய வயல்களுக்குக் காலை வேண்டவே வேண்டாம். நமக்கு வேண்டிய காற்றடங்கிய நேரமும் அவர்கள் மொட்டுப் பறிக்கிற நேரமும் ஒன்று. இதில் அவர்கள்தான் மூத்தவர்கள். மாலை ஐந்து மணிக்குமேல் காற்று தணிந்ததும் வருகிறேன். தோட்டத்தில் ஆள் இருக்காது, தேனீயும் கூடு திரும்பியிருக்கும். அப்போதும் தோட்டத்தின் பக்கம் பத்து மீட்டர் விட்டுவிடுவேன். அந்தப் பட்டையைக் கைத்தெளிப்பானில், தாழ்த்திப் பிடித்து, நீங்களே அடித்துக்கொள்ள வேண்டும். சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்கும் இதுதான். பறித்துத் துடைத்து அப்படியே வாயில் போடுகிற இலை அது.

சின்னச் சின்னதாக இன்னும் சில. மருந்தை வேப்பங்குச்சியால் கலக்கிவிட்டு வெறுங்கையை வேட்டியில் துடைப்பதைத் தயவுசெய்து விடுங்கள். இருபது மடங்கு கரைசலைத் தொடுகிற கை அது. கையுறை என் வண்டியில் கூடுதலாக இருக்கிறது, கேளுங்கள். பூச்சி மருந்து, நோய் மருந்து, டானிக், நானோ யூரியா நான்கையும் ஒரே டேங்கில் ஊற்றச் சொல்லாதீர்கள்; திரிந்து நாசிலை அடைக்கும். புட்டியைத் தூக்கி எறியாதீர்கள், அன்று முழுக்க வரப்பிலேயே இருக்கட்டும். லேபிளை நான் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். டேங்கை வாய்க்காலில் கழுவமாட்டேன், கழுவச் சொல்லவும் வேண்டாம். அவனியாபுரம், பெருங்குடி பக்கத்திலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு: விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் அனுமதி வராமல் ஏற்ற முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் போகத்துக்கு நாற்றங்கால் போடுவதற்கு முன் ஒவ்வொரு மடையாக வந்து உட்கார்ந்து பேச நினைக்கிறேன். மாலை நேரமாக இருந்தால் நல்லது. பூத்தோட்டக்காரர்களையும், பறிக்கப் போகிற பெண்களையும் கூப்பிடுங்கள். நாளையும் நேரத்தையும் அவர்கள் முன்னால் முடிவு செய்வோம். அந்த அக்காவிடம் கேட்டேன். அவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
மேலூர் பக்கத்திலிருந்து
உங்கள் ட்ரோன்காரத் தாயி