எத்தனை பவுன் என்று கேட்பவர்களுக்கு

பெண் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளராக இருக்கிறேன். இருபத்திரண்டு வருடங்களாக அதே மேசை, அதே உரைகல். அதற்கு முன் அப்பாவின் பட்டறையில் ஊதுகுழல் பிடித்தவன். இயந்திரத்தில் செய்த நகைகள் வந்து பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடியபோது, செய்யத் தெரிந்த கை மதிப்பிடும் கையாக மாறியது. எங்கள் ஊரில் கடந்த இருபது வருடங்களில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் எனக்குத் தெரியும். பத்திரிகை வந்து தெரிந்தவை கொஞ்சம்தான். மற்றவை எல்லாம் நகைகள் என் மேசைக்கு வந்ததால் தெரிந்தவை.

பொருளாசை கூடாது என்று உங்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. பொன்னுக்கு ஆசைப்படுவதைத் தவறு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைத்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. தங்கம் ஒரு குடும்பத்தைக் கரையேற்றுவதை என்னைப் போல் தினமும் கிட்டத்தில் பார்ப்பவர்கள் குறைவு. ஜூன் மாதம் வந்தால் என் மேசை முன் வரிசை நிற்கும். பள்ளிக் கட்டணம், கல்லூரிக் கட்டணம். கைக்குட்டையில் முடிந்தும், மஞ்சள் பைக்குள் இன்னொரு பையில் சுற்றியும், சிலர் மாத்திரை டப்பாவில் போட்டும் கொண்டுவருவார்கள். பூ விற்கும் ஓர் அம்மா நான்கு வருடம் தொடர்ந்து ஒரே சங்கிலியை வைத்தார். இரண்டு பவுன், கொக்கி மட்டும் ஒருமுறை மாற்றியது. மகள் நர்சிங் படித்தாள். ஜூனில் வைப்பதும், தையில் முகூர்த்தப் பூ விற்ற காசில் மீட்பதுமாக நான்கு வருடம் ஓடியது. ஐந்தாவது வருடம் அந்த மகளே சம்பளத்தோடு வந்து மீட்டு, வங்கிக்குள்ளேயே அம்மாவின் கழுத்தில் போட்டுவிட்டாள். நிலம் இல்லாத, வங்கியில் சேமிப்பு இல்லாத, ஜாமீன் போட ஆள் இல்லாத ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டு பவுன் செய்ததை வேறு யார் செய்திருப்பார்கள்? அதை ஆடம்பரம் என்று சொல்லும் பேச்சாளர்கள் மீது எனக்குக் கோபம் வரும்.

ஆகவே நான் பேச வந்தது தங்கத்தைப் பற்றி இல்லை. நீங்கள் கேட்கும் கேள்வியைப் பற்றி.

அந்தக் கேள்வியை இப்போது யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்" என்று ஆரம்பிக்கிறீர்கள். காபி டம்ளரைக் கீழே வைக்கும்போது, "பெரிய மருமகளுக்கு அவர்கள் வீட்டில் அறுபது போட்டார்கள்" என்று ஒரு தகவல். தரகர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பெண்ணின் அப்பாவிடம் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறார். பேச்சு முடிந்துவிட்டது. கேட்டவர் யாரும் இல்லை, கொடுக்க வேண்டியவர் மட்டும் இருக்கிறார்.

2022 ஐப்பசியில் இப்படிப் பேசி முடித்த ஒரு வீட்டுக்கு என்னைத் தராசோடு கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, தட்டில் நகைகளைப் பரப்பியிருந்தார்கள். ஆரம், நெக்லஸ், ஜிமிக்கி, வளையல்கள். பேசியது ஐம்பது பவுன், அதாவது 400 கிராம். நான் எடை போட்டேன். மொத்தம் 402 கிராம் வந்தது. பெண்ணின் அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆனால் கல்லுக்கும் அரக்குக்கும் கழிக்க வேண்டும். அதுதான் முறை. கல் வைத்த ஆரத்திலும் நெக்லஸிலுமாக 18 கிராம் கழிந்தது. நிகர எடை 384. நாற்பத்தெட்டு பவுன்.

"கடையில் கல்லையும் சேர்த்துத்தானே எடை போட்டுக் காசு வாங்கினார்கள்" என்றார் அந்த அப்பா. தங்கத்தின் விலையில் கல்லை வாங்கியிருக்கிறார், பாவம். மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்: "நாங்கள் எதுவும் கேட்கவில்லை. சொன்னது சொன்னபடி இருக்கிறதா என்றுதான் பார்த்தோம்."

பெண்ணின் அம்மா எழுந்து சமையலறைப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. இருபது வருடமாகக் கழற்றாத வளையல்கள். கை பருத்துவிட்டதால் எண்ணெய் தடவித்தான் எடுக்க முடிந்தது. திரும்பி வந்தபோது மணிக்கட்டு சிவந்திருந்தது. இரண்டு வளையலையும் முந்தானையில் துடைத்துத் தராசில் வைத்தார். செய்தபோது தலா ஒரு பவுனாக இருந்திருக்கும். தேய்ந்து இரண்டும் சேர்ந்து 15 கிராம் 700 மில்லி இருந்தது. "பரவாயில்லை, முந்நூறு மில்லிதானே, இருக்கட்டும்" என்றார்கள். கூடத்தில் எல்லோருக்கும் நிம்மதி.

அந்த வீட்டுக்குத் தராசைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். எடையைச் சொன்னதும் நான்தான். மூன்று வருடங்களாக இது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அடுத்த ஆனியில் அந்த நகைகளில் பாதிக்கு மேல் என் மேசைக்கு வந்தன. மாப்பிள்ளை கொண்டுவந்தார், பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தொழில் விஸ்தரிப்பு என்றார். இருக்கலாம், தொழில் செய்வது நல்லதுதான். நகைகளை ஒவ்வொன்றாக உரைத்து அமிலம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்த அந்த இரண்டு வளையல்களைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. "அதை மட்டும் விட்டுவிடலாமா?" என்று அந்தப் பெண் கணவரிடம் மெல்லக் கேட்டாள். "அதையும் சேர்த்தால்தான் நாம் நினைத்த தொகை வரும்" என்றார் அவர். கடன் கணக்கு அவர் பெயரில். நகை யாருடையது என்ற இடத்தில் "சொந்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

யாருக்குச் சொந்தம்? இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், கேட்பதும் குற்றம். அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. அப்படி ஏதாவது கை மாறியிருந்தால் மூன்று மாதத்துக்குள் அதைப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதுவரை வைத்திருப்பவர் அவளுக்காகத்தான் வைத்திருக்கிறார். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கேரளத்துப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர் போட்டுவந்த 89 பவுனையும் முதலிரவன்றே "பத்திரமாக வைக்கிறேன்" என்று கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்தார், அது அவர்களுடைய பழைய கடன்களுக்குப் போய்விட்டது என்பது வழக்கு. பெண் கொண்டுவரும் நகை அவளுடைய முழுச் சொத்து, அதில் கணவனுக்குப் பங்கு கிடையாது, கஷ்டகாலத்தில் எடுத்தாலும் திருப்பித் தர வேண்டியது அவன் கடமை என்று நீதிபதிகள் சொல்லி, 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார்கள். அந்தக் கல்யாணம் நடந்தது 2003-ல். நியாயம் கிடைக்க இருபத்தோரு வருடம் ஆகியிருக்கிறது.

"எங்கள் பிள்ளைக்காகவா கேட்கிறோம், பெண்ணுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான்" என்று சொல்வீர்கள். பாதுகாப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன், அது அவள் கையில் இருக்கும்வரை. பீரோச் சாவி உங்கள் இடுப்பில் இருந்தால் அது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன். தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது, நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. ஆனால் ஊரில் நடப்பது என்ன? "அதுதான் நகை போட்டாயிற்றே" என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் தன் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுகிறார்கள். நிலம் பிறந்த வீட்டில் தங்கிவிடுகிறது, நகை புகுந்த வீட்டுப் பீரோவுக்குப் போய்விடுகிறது. நடுவில் நிற்பவளுக்குக் கழுத்தில் ஒருநாள் பாரம், ஆல்பத்தில் ஒரு படம்.

விலையையும் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டில் ஒரு பவுன் நாலாயிரம் ரூபாய்க்குள் இருந்தது. ஐம்பது பவுன் என்றால் இரண்டு லட்சத்துக்குள். 2025 அக்டோபரில் பவுன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. அதே ஐம்பது பவுனுக்கு 45 லட்சம், செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் தனி. உங்கள் வாயில் வரும் எண் மட்டும் மாறவில்லை. பெரிய மருமகள் அறுபது போட்டு வந்த வருடம் வேறு, இந்த வருடம் வேறு என்று உங்களுக்குத் தெரியாதா? தெரியும். எண் குறைந்தால் மண்டபத்தில் மரியாதை குறையும் என்று பயப்படுகிறீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து மணப்பெண் கழுத்தைக் கண்ணாலேயே எடை போடும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று நினைக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. என் மகன் கல்யாணத்தில் எனக்கும் அது வந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை நீங்கள் கொடுப்பதில்லை. பெண்ணைப் பெற்றவர் ஐம்பத்தெட்டு வயதில் தன் வீட்டை அடமானம் வைத்துக் கொடுக்கிறார்.

இன்னும் கொடுமையாக முடிந்தவையும் உண்டு. நாட்டில் வரதட்சணைச் சாவு என்று காவல்துறை பதிவு செய்தவை மட்டுமே 2023-ல் 6,000-க்கு மேல். அந்த வீடுகளிலும் "நாங்கள் எதுவும் கேட்கவில்லை" என்றுதான் பேச்சு ஆரம்பித்திருக்கும்.

அரசாங்கமே இதில் ஒருமுறை மனம் மாறியிருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் 2011 முதல் தாலிக்கு 4 கிராம் தங்கம் கொடுத்தார்கள், பிறகு 8 கிராம் ஆக்கினார்கள். 2022-ல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கிவிட்டார்கள். தாலிக்குத் தங்கம் நின்றுபோனதில் வருத்தப்பட்ட ஏழைத் தாய்மார்களை எனக்குத் தெரியும், அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருந்தது. இருந்தாலும் பூக்கார அம்மாவின் மகளை நினைக்கும்போது மாற்றியது சரி என்றே படுகிறது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் பவுன் என்ற சொல்லை எடுக்காதீர்கள். பெரிய மருமகள் பேச்சையும் எடுக்காதீர்கள். தரகர் எடுத்தால் அங்கேயே, பெண் வீட்டார் காது கேட்க, வேண்டாம் என்று சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள். அவர்கள் ஆசையாக ஏதாவது போட்டு அனுப்பினால், கல்யாணத்துக்கு மறுவாரமே மருமகள் பெயரில் வங்கியில் லாக்கர் எடுத்துச் சாவியை அவளிடம் கொடுங்கள். குடும்பத்துக்கு நெருக்கடி வரும், எல்லா வீட்டிலும் வரும். அப்போது நகையை வைக்க வேண்டியிருந்தால் அவளிடம் கேளுங்கள், கடன் கணக்கை அவள் பெயரில் போடுங்கள், மீட்டதும் அவள் கையில் கொடுங்கள். அவள் மாட்டேன் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

நான் என் பங்குக்கு ஒன்று செய்துவிட்டேன். கல்யாண வீட்டுக்குத் தராசு கொண்டு வருவதை நிறுத்திவிட்டேன். போன தையில் மூன்று வீட்டில் கூப்பிட்டார்கள், ஒரு வீட்டார் எனக்கு நெருங்கிய சொந்தம், இன்றுவரை பேசுவதில்லை.

அந்தப் பெண் இப்போது ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். போன மாதம் தனியாக வங்கிக்கு வந்திருந்தாள். அந்த இரண்டு வளையலை மட்டும் மீட்க எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். எல்லாம் ஒரே பையில், ஒரே கணக்கில், கணவர் பெயரில் இருப்பதால் அவர் வந்து கையெழுத்துப் போடாமல் எதையும் பிரித்துக் கொடுக்க முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. பங்குனியில் தவணை முடிகிறது. திருப்பி வைக்கும்போது வளையல்களைப் பிரித்து அவள் பெயரில் தனிக் கணக்காக வைக்கும்படி அவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு நகை மதிப்பீட்டாளர்