பழைய காசுக்குப் பரிசு: டர்பனிலிருந்து ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் கடற்கரை மணலில் உலோகம் தேடும் டிடெக்டர் கருவியால் காசு தேடி எங்கள் நண்பர் குழு நடத்திய 'யார் காசு பழசு' போட்டியைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் அன்று முழுக்க எங்களோடு வெயிலில் நின்றவர். விவரத்தில் பெரிய பிசகு இல்லை. கடைசி இரண்டு பத்திகள்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அடுத்த போட்டி வடக்குக் கடலோரத்தில் இடிந்து கிடக்கும் ஒரு கரும்புத் தோட்டக் குடியிருப்பில் நடக்கப்போகிறதாம், ஒப்பந்தக் கூலிகளாக வந்த முன்னோர் விட்டுப்போனதைப் பேரப்பிள்ளைகளே தோண்டி எடுப்பது எவ்வளவு பொருத்தம் என்று வியக்கிறார். கரூர் அமராவதிக் கரையிலும் கொற்கையிலும் இப்படி நடத்தினால் இளைஞர்களுக்கு வரலாற்றில் பிடிப்பு வரும் என்று யோசனையும் சொல்கிறார்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். "இந்தியப் பேப்பரிலேயே பாராட்டிவிட்டான், இனி என்ன?" என்று ஒருவர் எழுத, தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் உட்பட எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். ஆகவே மறுப்பும் அதே பேப்பரில் வரட்டும்.

நான் நகைத் தொழிலாளி. கும்பகோணத்தில் அப்பாவிடம் ஊதுகுழல் பிடிக்கப் படித்தவன். டர்பனில் பழைய கிரே தெருவை ஒட்டி என் பட்டறை இருக்கிறது. தெருவுக்கு டாக்டர் யூசுஃப் தாதூ பெயரை வைத்து வெகுநாளாகிவிட்டது, ஆனால் வாடிக்கையாளர் வாயில் இன்னும் கிரே தெருதான். டிடெக்டர் என்னிடம் கிடையாது, வாங்கவும் மாட்டேன். என்னிடம் மில்லிகிராம் தராசும் பூதக்கண்ணாடியும் இருக்கின்றன என்பதற்காக நடுவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

போட்டி மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. விடியற்காலையில் கடல் வற்றும் நேரம் பார்த்து, ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், வெருலம் என்று மூலைக்கு ஒருவராக வந்து சேர்வார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். வீட்டில் இருந்தால் ஆகாது என்று மனைவிமாரே அனுப்பி வைக்கிறார்கள். டிடெக்டரின் வளையத்தில் மின்சாரம் ஓடி ஒரு காந்தப்புலம் எழும்பும். மணலுக்குள் உலோகம் இருந்தால் அதிலும் சுழல் மின்னோட்டம் பிறந்து பதில் புலம் ஒன்றை அனுப்பும். அந்தப் பதில்தான் காதில் கேட்கும் சத்தம். ஈர உப்பு மணலே மின்சாரத்தைக் கடத்துவதால், மலிவான கருவிகள் அலை நனைக்கும் இடத்தில் வெறும் மணலுக்கும் கூவும். எனக்கு வேடிக்கையாக இருப்பது வேறொன்று. மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பான டப்பாவின் அலுமினிய வளையமும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே சத்தம்தான். அலுமினியத்தை ஒதுக்கச் சொல்லி கருவியைத் திருகி வைக்கிறவன் தங்கத்தையும் ஒதுக்கிவிட்டு நடக்கிறான். உரைகல்லில் தேய்க்காமல் எதையும் நம்பாதே என்று அப்பா சொன்னது இந்தக் கருவிக்கும் பொருந்துகிறது.

கிடைப்பதில் பாதிக்கு மேல் இன்றைய சில்லறைதான். இப்போதைய பத்து சென்ட், ஐம்பது சென்ட் எல்லாம் உள்ளே எஃகு, மேலே பூச்சு. உப்புத் தண்ணீரில் கொஞ்ச நாளிலேயே துருவாகப் பொரிந்துவிடும். பழைய மூன்று பென்ஸ் வெள்ளிக்காசு, இங்கே 'டிக்கி' என்பார்கள், அது மட்டும் கரேலென்று ஆனாலும் உருக்குலையாமல் வரும். 1950 வரைக்கும் உள்ளவற்றில் நூற்றுக்கு எண்பது வெள்ளி, அதற்குப் பிந்தியவற்றில் சரிபாதி. கடற்கரைகள் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்த காலத்தில் யாரை எங்கே குளிக்க விட்டார்களோ, அங்கேதான் அவரவர் காசு விழுந்திருக்கிறது. 1989-இல் அந்தத் தடை போனது. காசுகளுக்கு அது தெரியாது, விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன.

இனி உங்கள் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன சச்சரவு. கடைசியில் என் மேஜைக்கு வந்தவை இரண்டு. ஒன்று 1863 என்று போட்ட பிரிட்டிஷ் பென்னி. வெண்கலம், கொண்டை போட்ட இளவயது விக்டோரியா, பின்னால் கேடயத்தோடு உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா. இரண்டாவது 1862 என்று போட்ட இந்திய வெள்ளி ரூபாய். தலைப்பக்கம் 'விக்டோரியா குயின்' என்று இருந்தது, 'எம்ப்ரஸ்' என்று மாறியது 1877-இல். ஒரு வருஷ வித்தியாசம், ரூபாய்க்குத்தான் கோப்பை என்று கை தட்டிவிட்டார்கள்.

பென்னிக்காரர் விடவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த 1862 ரூபாய் 1862-இல் மட்டும் அடிக்கப்பட்டதல்ல. 1874 வரைக்கும் அதே வருஷத்தைப் போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய் நாணயச்சாலையில் அடித்தவற்றில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் இருக்கும். அவற்றை எண்ணித்தான் எந்த வருஷத்து அச்சு என்று காசு சேகரிப்பவர்கள் பிரிப்பார்கள். எங்கள் ரூபாயில் புள்ளி இருக்கவேண்டிய இடத்தைக் கடல் தின்றுவிட்டது. ஆகப் பென்னியே மூத்ததாக இருக்கலாம். போட்டி விதியில் 'காசில் பொறித்த ஆண்டு' என்று இருந்ததால் ரூபாய்க்கே தீர்ப்புச் சொன்னேன். பென்னிக்காரர் இன்னும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

அந்த ரூபாயில் என் கண் போய் நின்ற இடம் வருஷம் இல்லை. எடை 11.3 கிராம். புதிதாக அடித்த ரூபாய் 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. நம் தொழிலில் ரூபாயையே எடைக்கல்லாகப் போட்டு நிறுத்த காலம் உண்டு. விளிம்பில், அரசி தலைக்கு நேர் மேலே, நெல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கோடு. மற்ற இடமெல்லாம் கருத்திருக்க அங்கே மட்டும் களிம்பு ஏறியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, பற்றுப்பொடி வைத்து ஊதி ஒட்டிய தடம். வெள்ளிப் பற்றில் செம்பு கூடுதலாக இருக்கும், உப்பில் அதுதான் முதலில் பச்சை கக்கும். யாரோ ஓர் ஆசாரி அந்த ரூபாயில் வளையம் பற்றவைத்திருக்கிறார். கழுத்தில் தொங்கிய காசு அது. தடம் சற்றுக் கோணல். பற்று உருகி ஓடுவதற்காகப் போடும் வெண்காரம் சரியாக ஓடவில்லை, அல்லது சூடு ஒரு பக்கம் குறைந்துவிட்டது. அடுப்புக்கரியில் அவசரமாக ஊதியிருப்பார்.

இதற்குமேல் நான் சொன்னால் கதை. ஆனால் சுற்றியுள்ள கணக்கைச் சொல்லலாம். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான 'ட்ரூரோ' மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. 1866-இல் ஆள் எடுப்பது நின்று, 1874-இல் மறுபடி தொடங்கி, 1911 வரை நடந்தது. ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். அந்தக் காலத்து ரூபாய் சுமார் இரண்டு ஷில்லிங். ஆகக் கழுத்தில் தொங்கிய அந்த ஒற்றைக் காசு ஒரு மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கப்பல் பதிவேட்டில் பெயர், எண், ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். அந்தக் காசைக் கழுத்தில் போட்டிருந்த மனுஷிக்கு என்ன பிடிக்கும், எதைக் கழற்றமாட்டாள் என்பதற்கு அதில் பத்தி கிடையாது. டோங்காட்டில் பிறந்து வளர்ந்த என் மாமியாரிடம் காசைக் காட்டினேன். கையில் வாங்கவே இல்லை. யாரோ வீட்டுப் பெண்ணின் கழுத்துப் பொருள், அதைப் பந்தயத்தில் வைத்தீர்களா என்று என்னைத்தான் கேட்டார்.

கடற்கரை மணல் அலையில் நாள்தோறும் புரள்கிறது. அங்கே கிடைத்த காசு எத்தனை அங்குல ஆழத்தில் இருந்தது என்பதால் ஒன்றும் தெரியப்போவதில்லை. தோட்டக் குடியிருப்பு அப்படி அல்ல. இடிந்த அறையின் அடுப்படியில் ஒரு காசு, அதன் பக்கத்தில் உடைந்த மண்சட்டி, ஒரு கண்ணாடி வளையல் துண்டு, எந்த அடுக்கில் எது என்று அளந்து எடுத்தால் அந்த அறையில் யார் எப்போது எப்படி இருந்தார்கள் என்பது கொஞ்சமாவது பிடிபடும். டிடெக்டர்காரர் கூவிய இடத்தில் குத்தி, உலோகத்தை மட்டும் பொறுக்கி, குழியை மூடிவிட்டுப் போனால் சட்டியும் வளையலும் வெறும் குப்பை. உலோகம் இல்லாத எதையும் அந்தக் கருவி பார்ப்பதில்லை. ஏழைகளின் சாமானில் உலோகம் எவ்வளவு இருந்திருக்கும்?

தோட்டக்காரர் சம்மதம் கொடுத்துவிட்டார் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. அவர் சம்மதம் மட்டும் போதாது. 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் தேசிய மரபுரிமை வளச் சட்டம், 35-ஆம் பிரிவு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட, புழக்கம் இழந்து மண்ணில் கிடக்கும் மனிதர் செய்த பொருள் அரசுச் சொத்து. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோண்டக் கூடாது, அப்படிப்பட்ட இடத்துக்கு உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோவதே குற்றம். இசாண்டில்வானா, ஸ்பியோன்கோப் போர்க்களங்களில் டிடெக்டரோடு சுற்ற முடியாததும் இதனால்தான். பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போரில் காந்தி சேர்த்த ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர், அவர்களில் 300 பேர் போக மீதி எல்லாரும் ஒப்பந்தக் கூலிகள். ஸ்பியோன்கோப்பில் அவர்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள். அந்த மலையடியில் ஒரு பித்தளைப் பொத்தான் கிடைத்தால், அது யார் சட்டையிலிருந்து விழுந்தது என்பதைக் கிடந்த இடம்தான் சொல்லும்.

விதியின் கோளாறு இங்கேதான். 'மிகப் பழைய காசுக்குப் பரிசு' என்று வைத்தால், ஜெயிக்கிற காசு அநேகமாகச் சட்டப்படி தொடக்கூடாத காசாகவே இருக்கும். பிரிட்டோரியாவில் பிரிட்டிஷ் அரச நாணயச்சாலையின் கிளை திறந்தது 1923-இல். இந்த மண்ணில் அடித்த தென்னாப்பிரிக்க ஒன்றியக் காசுகளில் முதல் வரிசையே நூறைத் தாண்டிவிட்டது. கடற்கரையில் பழசு தீர்ந்ததும் பழசு இருக்கிற இடத்தைத் தேடி ஆள் போவான், கரும்புக்காடு கண்ணில் படும். ஆளைக் குறை சொல்லி என்ன பயன், விதிதான் அவனை அங்கே தள்ளுகிறது.

என் யோசனை இது. குழுவில் சொன்னேன், சிரித்தார்கள், அச்சில் வந்தால் யோசிப்பார்களோ என்னவோ. பரிசை 1961-க்குக் கொடுங்கள். அந்த வருஷம் பிப்ரவரி 14-இல் பவுண்டுப் பணம் போய் ரேண்ட் வந்தது. இரண்டு ரேண்ட் ஒரு பவுண்டு. 1961-இல் அடித்த பெரிய பித்தளை ஒரு சென்ட், கேப் பகுதியில் டச்சுக் குடியேற்றத்தைத் தொடங்கிய வான் ரீபெக்கின் தலை போட்டது, கடற்கரையில் அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. 1961-க்கு யாருடைய காசு மிக அருகில் வருகிறதோ அவருக்குக் கோப்பை. பழசைத் தேடும் குறுகுறுப்பும் இருக்கும், தேட வேண்டிய இடம் கடற்கரையோடு நிற்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றால் இன்னும் சுலபம், நாமே அடையாள வில்லைகளைப் புதைத்து வைத்துத் தேட விடலாம். வேறு நாடுகளில் டிடெக்டர் குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆற்று முகத்தில் பூஜை செய்து, வெற்றிலையில் கற்பூரத்தோடு விடுகிற சில்லறையை எடுத்துக் கணக்கில் காட்டுவதையும் நிறுத்தவேண்டும். அது சட்டத்தில் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். கங்கையம்மனுக்கு விட்டதை எடுத்து நடுவரிடம் நீட்டினால் நான் வாங்கமாட்டேன், அவ்வளவுதான்.

கரூர், கொற்கை யோசனை இன்னும் மோசம். நம் ஊரில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் புதைந்து கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். அமராவதி மணலில் அகப்பட்ட ரோமக் காசுகளும் சேரர் காசுகளும் எத்தனையோ வியாபாரி கை மாறித்தான் வெளியே வந்தன. எந்த அடுக்கில் எதனோடு கிடந்தது என்று கேட்டால் பதில் கிடையாது, அதனால்தான் காலக்கணிப்பில் இன்னும் சண்டை. கீழடியில் குழி குழியாக அளந்து எடுத்ததைப் பார்த்த பிறகும், ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காக அந்தக் கரையைக் குத்திப் போடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ரூபாயும் பென்னியும் இப்போது என் பட்டறைப் பெட்டகத்தில், ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில். இரண்டும் நூறு வருஷம் தாண்டியவை. ஆகவே கிடைத்த இடத்தை வரைபடத்தில் குறித்து, மாகாண மரபுரிமை அமைப்பான அமாஃபாவுக்கு எழுதியிருக்கிறோம். பென்னிக்காரரும் கையெழுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை வெளியிட்டால் கட்டுரையோடு வந்த ரூபாயின் படத்தை மறுபடி போடவேண்டாம். கோப்பை வாங்கிய சந்தோஷத்தில் வீட்டுக்கு எடுத்துப்போய் எலுமிச்சம்பழமும் விபூதியும் வைத்துத் தேய்த்த பிறகு எடுத்த படம் அது. பளபளவென்று இருக்கிறது, பச்சைக் கோடு போய்விட்டது. தேய்ப்பதற்கு முன் என் மேஜையில் எடுத்த படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மேல் விளிம்பைப் பெரிதாக்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நகைத் தொழிலாளி,
டர்பன், தென்னாப்பிரிக்கா