சுறாவுக்கு முன்னால் குளிர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேப் டவுன் கடற்கரைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பக்கம் முழுக்கச் சுறா. தண்ணீரின் குளிரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த ஊரில் குடியிருந்து கடலில் நீந்துகிறவள் என்ற முறையில், விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான் என்பேன்.

கிளிஃப்டன், கேம்ப்ஸ் பே பக்கம் இருப்பது அட்லாண்டிக். ஜனவரியில் மணல் சுடும், தண்ணீரோ பல நாள் 10 முதல் 14 டிகிரிதான். கோடையில் வீசும் தென்கிழக்குக் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்துவிடுகிறது. மெரினாவிலோ திருச்செந்தூரிலோ குளித்த பழக்கத்தில் ஓடிப்போய்க் குதித்தால், நம்மை அறியாமலே மூச்சை உள்ளே இழுப்போம். அந்த நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் கடல்நீர் நுரையீரலுக்குள் போய்விடும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கும். ஓரிரு நிமிடங்களில் திணறல் அடங்கிவிடும். அதுவரை கைகால் அடிக்காமல் மல்லாந்து மிதக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கைகள் மரத்து வலுவிழக்கும். அதற்குள் கரையேறிவிடுங்கள். ஏறிய பிறகும் உடம்பின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், ஈரத்தைத் துடைத்துக் கனத்த உடை போட்டுக்கொள்ளுங்கள். உடனே சுடச்சுடக் குளித்தால் மயக்கம் வரலாம்.

பாக் நீரிணையை 1971-ல் நீந்திப் போய்த் திரும்பி வந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனே, 1984-ல் குளிர்ந்த ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோதுதான் உயிர்விட்டார்.

சரி, சுறாவுக்குப் பயப்பட வேண்டாமா? வேண்டும், அளவோடு. மியூசன்பர்க், ஃபிஷ் ஹூக் கடற்கரைகளுக்கு மேலே மலையில் உட்கார்ந்து 2004 முதல் ஆட்கள் கடலைக் கவனித்து வருகிறார்கள். சுறா தெரிந்தால் சைரன் ஒலிக்கும், கறுப்புச் சுறா வரைந்த வெள்ளைக் கொடி ஏறும். 2011-ல் ஃபிஷ் ஹூக்கில் அந்தக் கொடி பறந்தபோதும் நீரில் இறங்கிய ஒருவர் காலை இழந்தார். கறுப்புக் கொடி என்றால் நீர் கலங்கலாக இருக்கிறது, சுறா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்று பொருள்.

இதே நாட்டின் டர்பன் நகரைப் போல இங்கும் சுறாவுக்கு வலை போடலாமே என்று கட்டுரையாளர் கேட்டிருப்பதை ஏற்கவே முடியவில்லை. டர்பனில் 1952 முதல் போடப்படும் வலை கடலை அடைக்கும் வேலி அல்ல, சுறாவைச் சிக்கவைத்துக் கொல்வது. டால்பினும் ஆமையும் திருக்கையும் அதில் சாகின்றன. பெரிய வெள்ளைச் சுறாவை 1991-லேயே சட்டம் போட்டுப் பாதுகாத்த நாடு இது. ஃபிஷ் ஹூக்கில் உயிர்கள் சிக்காதபடி சிறு கண்ணி வலையைக் காலையில் விரித்து மாலையில் எடுத்துவிடுகிறார்கள். கேட்பதென்றால் அதைக் கேட்கலாம்.

டிசம்பர் விடுமுறைக்குப் பலர் இப்போதே டிக்கெட் எடுத்திருப்பார்கள். அவர்கள் கிளம்பும் முன் குளிர்நீர் எச்சரிக்கையை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கேப் டவுன்