ஆண்டறிக்கை 2024-25: சைக்கிள் ஓட்டாத மாசங்கள்ல நம்ம சங்கம் செஞ்சது

தலைவர் அய்யாவுக்கும் பொருளாளர் அண்ணாவுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும், ஞாயித்துக்கிழமை ரைட விட்டுட்டு வந்து உக்காந்திருக்கற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க. 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்குமான செயலாளர் அறிக்கைய பொதுக்குழு முன்னால வெக்கறேன்.

வழக்கமான விஷயத்த மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன். மழை மாசங்கள தவிர வார ரைடு எந்த மாசமும் நிக்கல, அடிவாரத்துல இருந்து ஏற்காடு ஏர்றது, மேட்டூர் ரோடு, ஆத்தூர் ரோடு எல்லாம் எப்பவும் போல நடந்துச்சு. ஏப்ரல் மே மாசம் வெயில் 40 டிகிரிய தாண்டினதால விடியறதுக்கு முன்னாடியே கெளம்பி எட்டு மணிக்குள்ள எல்லாரும் வீடு சேரணும்னு வெச்சோம், அத எல்லாரும் மதிச்சு நடந்தாங்க, ரொம்ப நன்றி. பிரெவேன்னு சொல்ற, நேரக்கெடு வெச்ச நெடுந்தூர ரைடு ஓட்டறவங்களும் அவங்கவங்க ஊர் ஊரா போய் ஓட்டிட்டு வந்தாங்க. புதுசா உறுப்பினர்கள் சேந்திருக்காங்க, அதுல பெண்கள் முன்ன விட அதிகம், காரணம் பின்னாடி வரும்.

இந்த வருஷம் நான் விரிவா பேசணும்னு நெனைக்கறது அக்டோபர்ல இருந்து பொங்கல் வரைக்கும் நடந்தத பத்தி தான். வருஷா வருஷம் வடகிழக்கு பருவமழை ஆரம்பிச்சதும் என்ன ஆகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், ரோட்ல குழி தெரியாது, மலை ரோட்ல மண்ணும் கல்லும் வந்து கெடக்கும், பிரேக் பிடிக்காது, சரின்னு சைக்கிள செவுத்துல மாட்டிட்டு தீபாவளி பலகாரத்தோட உக்காந்துருவோம், அப்பறம் பொங்கல் முடிஞ்ச கையோட பழைய வேகத்துல ஏற்காடு ஏறணும்னு போய் முட்டி வலி, இடுப்பு வலின்னு பிப்ரவரி பூரா பாதி பேரு வரமாட்டாங்க. ரெண்டு வாரம் ஒண்ணுமே செய்யாம இருந்தாலே ரத்தத்துல நீர்ப்பகுதி கொறைய ஆரம்பிச்சிரும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலா துடிக்கணும், மூணு மாசம்னா கேக்கவே வேண்டாம். வீட்டுக்குள்ள வெச்சு மிதிக்கற டிரெய்னர் வாங்கற வசதி எல்லாருக்கும் கெடையாது. அதனால செப்டம்பர் செயற்குழுல, மழை மாசத்துல சைக்கிள் இல்லாம வெளிய என்னென்ன செய்யலாமோ அதெல்லாம் சங்கமா சேந்து செய்யறதுன்னு முடிவு பண்ணோம்.

ஆரம்பம் நடை. கஞ்சமலைய சுத்தி, சித்தர் கோயில், இளம்பிள்ளை பக்கமா ஊர் ரோட்லயே நடந்தோம். இதுக்கு யார்கிட்டயும் பர்மிஷன் வாங்க வேண்டியதில்ல, வயசானவங்க, கொழந்தைங்க, சைக்கிளே ஓட்டாத வீட்டுக்காரங்க எல்லாம் கூட வந்தாங்க. பெண்கள் சேந்தாங்கன்னு சொன்னேனே, அது இங்க தான் ஆரம்பிச்சுது. வீட்டுக்காரர் கூட நடக்க வந்த ஒரு டீச்சர் அக்கா மூணாவது நடையிலயே யாரோட சைக்கிளயோ வாங்கி ஓட்டி பாத்தாங்க, இப்ப அவங்க சொந்த சைக்கிள்ல வார ரைடுக்கு வர்றாங்க, அவங்க ஸ்கூல்ல இருந்து இன்னும் ரெண்டு டீச்சர கூட்டிட்டு வந்திருக்காங்க.

அதுக்கப்பறம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவையும் நம்ம ஆளுங்க சைக்கிள்ல ஏறி பழக்கப்பட்டவங்க தான், ஆனா இந்த தடவ வேன்ல மேல போய் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து ஆகாய கங்கைக்கு படியெறங்கினோம். ஆயிரம் படிக்கு மேல இருக்கு, செங்குத்தா எறங்கும், மழை ஈரத்துல பாசி வேற. ஏற்காட்ட ஒரு மணி நேரம் சொச்சத்துல ஏர்ற ஆளு, நம்ம சங்கத்துலயே பலமான காலுக்காரர், படி எறங்கி முடிக்கறப்ப தொடை நடுங்கி உக்காந்துட்டாரு, அடுத்த ரெண்டு நாள் வீட்ல மாடிப்படி எறங்க முடியலன்னு சொன்னாரு. பயந்துட்டாரு பாவம், ஏதோ ஜவ்வு கிழிஞ்சிருச்சோன்னு.

இது ஏன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கணும்ங்க. பெடல் மிதிக்கறப்ப தொடைத் தசை சுருங்கித்தான் வேலை செய்யும். எறங்கறப்ப அதே தசை நீண்டுக்கிட்டே ஒடம்பு எடைய தாங்கணும், அந்த வேலை சைக்கிள்ல வரவே வராது. எத்தன ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் தசைக்கு அது புதுசு, அதனால உள்ள நுணுக்கமா அடிபட்டு ரெண்டாவது நாள்ல வலி உச்சத்துக்கு போகும், அப்பறம் தானா சரியாயிடும். நல்ல விஷயம் என்னன்னா ஒரு தடவ அந்த வலிய பாத்த தசை அடுத்த தடவைக்கு தன்ன தயார் பண்ணிக்கும். அவரே டிசம்பர் கடைசில திரும்ப அதே படிய எறங்கி ஏறினாரு, மறுநாள் வேலைக்கு போனாரு.

இன்னொன்னு எலும்பு. சைக்கிள்ல ஒடம்பு எடைய சீட்டு தாங்கிக்குது, தரையில கால் பட்டு அதிர்ற அதிர்ச்சி எலும்புக்கு போறதே இல்ல, அதனாலதான் வருஷக்கணக்கா ரோடு சைக்கிள் மட்டுமே ஓட்டறவங்களுக்கு கீழ் முதுகு எலும்போட அடர்த்தி கொறைவா இருக்கறது பல ஆராய்ச்சில வந்திருக்கு. நாப்பது அம்பது வயசு உறுப்பினர்கள் இத சாதாரணமா எடுத்துக்க கூடாது. நடக்கறது, படி ஏறி எறங்கறது, குதிக்கறது, எடை தூக்கறது இதெல்லாம் சைக்கிளுக்கு பதிலா இல்ல, சைக்கிள் குடுக்காதத குடுக்கறதுக்கு.

காட்டுப் பாதை பத்தி ஒண்ணு கண்டிப்பா பதிவு பண்ணணும். நமக்கு தெரிஞ்ச மலை தானேன்னு அனுமதி இல்லாம யாரும் உள்ள போகக்கூடாது. 2018 மார்ச்ல தேனி குரங்கணி காட்டுத்தீல எத்தன உசிரு போச்சுன்னு மறந்துரக்கூடாது. அதுக்கப்பறம் விதிமுறைகள் வந்துருக்கு, 2024 அக்டோபர்ல இருந்து வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதைய வழிகாட்டியோட ஆன்லைன் புக்கிங்ல தொறந்து விட்டுருக்காங்க. காசு கட்டணும்தான், ஆனா அந்த காசு அந்த மலை ஜனங்கள்ல இருந்து வர்ற வழிகாட்டிங்களுக்கும் போகுது, பாதையும் அவங்களுக்கு தெரிஞ்ச அளவு நமக்கு தெரியாது. இதுல நமக்கு ஒரு தோதும் இருக்கு பாருங்க, காட்டுத்தீ சீசன்னு பிப்ரவரி பாதில இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் மூடறாங்க, அது நாம சைக்கிள்ல முழு மூச்சா எறங்கற நேரம், மழை விட்ட டிசம்பர் கடைசி ஜனவரில நமக்கு நடக்க நேரம் இருக்கு காடும் பச்சையா இருக்கு. அட்டைப் பூச்சிக்கு உப்பும் முழங்கால் வரைக்கும் சாக்ஸும் எடுத்துக்கணும். கால்ல வெட்டுக்காயம் இருக்கறவங்க தேங்கின மழைத்தண்ணில எறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருதுன்னு நம்ம டாக்டர் உறுப்பினர் சொல்லிக்கிட்டே இருக்காரு.

ஃபெஞ்சல் புயல் நேரம். நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி பக்கம் கரைய கடந்து உள்ள வந்து, கடலோரத்த விட நம்ம பக்கம் கொட்டு கொட்டுன்னு கொட்டிருச்சு, ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ, ஏற்காடு ரோட்ல மண் சரிஞ்சு போக்குவரத்த நிறுத்தினாங்க. அந்த வாரம் எல்லா நிகழ்ச்சியையும் ரத்து பண்ணோம். சில இளைஞர்கள் மலை ரோடு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரலாம்னு கேட்டாங்க, செயற்குழு ஒரே முடிவா வேண்டாம்னு சொல்லுச்சு, அவங்களும் கேட்டாங்க. அதுக்கு பதிலா போர்வையும் அரிசியும் சேத்து ஊத்தங்கரை பக்கம் தெரிஞ்சவங்க மூலமா குடுத்தனுப்பினாங்க, அந்த தம்பிங்கள நெனச்சா பெருமையா இருக்கு.

இனி கிணறு. எனக்கு இந்த வருஷத்துல ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கணும். வாழப்பாடி பக்கம் நம்ம உறுப்பினர் ஒருத்தரோட தோட்டத்துல பெரிய கிணறு, கல்லு படி வெச்சது, மழையில மேல வரைக்கும் தண்ணி. புயல் மழை ஓஞ்சு, கலங்கல் தெளியற வரைக்கும் பொறுத்திருந்து அப்பறம் தான் எறங்கினோம். நம்ம அப்பா தலைமுறைல சுரைக்குடுக்கைய முதுகுல கட்டி கிணத்துல தள்ளி விட்டா ஒரு வாரத்துல நீச்சல் வந்துரும், நம்ம பசங்களுக்கு அந்த வாய்ப்பே இல்ல, நம்மள்லயே அம்பது வயசு வரைக்கும் தண்ணில கால் வெக்காதவங்க இருந்தாங்க. தோட்டத்து அய்யா, எழுவது வயசுக்கு மேல, அவரே கூட எறங்கி லாரி டியூபும் குடுக்கையும் வெச்சு ஒவ்வொருத்தருக்கா சொல்லிக் குடுத்தாரு. நல்லா நீச்சல் தெரிஞ்ச ரெண்டு பேரு தண்ணிக்குள்ள, ஒருத்தர் கயிறோட மேல, இது இல்லாம யாரும் எறங்கல. குனிஞ்சு ஹேண்டில்பார புடிச்சே வளைஞ்சு போன முதுகும் கழுத்தும் மல்லாந்து மெதக்கறப்ப எப்படி விரியுதுன்னு அனுபவிச்சவங்களுக்கு தான் தெரியும். தோள், மார்பு, மூச்சு எல்லாத்துக்கும் வேலை, முட்டிக்கு துளி பாரம் கெடையாது, அதனால முட்டி வலிக்காரங்க எல்லாம் நடைய விட்டுட்டு இங்க வந்துட்டாங்க. குளிர்ல நடுங்கிட்டு மேல ஏறினா அம்மா சுடச்சுட ராகி களியும் கீரை கடைசலும் வெச்சிருப்பாங்க. அந்த குடும்பத்துக்கு சங்கத்தோட சார்புல மனசார நன்றி, அடுத்த மாசம் அவங்களுக்கு ஒரு சின்ன மரியாதை செய்யணும்னு செயற்குழு நெனைக்குது.

செவ்வாய், வெள்ளி சாயங்காலம் அம்மாப்பேட்டை பக்கம் ஒரு சிலம்ப வாத்தியார்கிட்ட போனோம். காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, தட்சணையா வேட்டி துண்டு தான் ஏத்துக்கிட்டாரு. மொத ரெண்டு வாரம் கம்பே கையில குடுக்கல, தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, அப்பறம் வெறும் கால் வரிசை. நம்ம கால் வருஷம் பூரா மேல கீழ ஒரே கோட்ல சுத்திக்கிட்டு இருக்கு, பக்கவாட்டுல எடுத்து வெக்கறதே மறந்து போச்சு. இடுப்போட பக்கத்து தசை பலமில்லன்னா பெடல் மிதிக்கறப்ப முட்டி உள்பக்கம் சாயும், நம்ம ஆளுங்களோட முட்டி வலிக்கு பாதி காரணம் அங்க தான்னு எனக்கு தோணுது. கபடியும் ஆடிப் பாத்தோம், அதுல ரெண்டு பேருக்கு கணுக்கால் பிசகிருச்சு, அதனால நிறுத்திட்டோம், அடுத்த வருஷமும் வேண்டாம்னு என் கருத்து. மழையில வெளிய போக முடியாத ஞாயித்துக்கிழமைல செயின் கழுவறது, ஹப்புக்கு கிரீஸ் வெக்கறதுன்னு சைக்கிள் பராமரிப்பு நடந்துச்சு.

சைக்கிள் சங்கத்துல மலையேத்தமும் கிணறும் எதுக்குன்னு சில மூத்த உறுப்பினர்கள் கேட்டாங்க. நியாயமான கேள்விதான், மதிச்சு பதில் சொல்றேன். நெதர்லாந்து ரோடு பந்தய வீரர் மாத்யூ வான்டெர் போல் குளிர்காலத்துல சேத்துல சைக்கிள தோள்ல தூக்கிட்டு ஓடற சைக்ளோகிராஸ் தான் ஆடறாரு, 2025 பிப்ரவரில அதுல ஏழாவது தடவையா உலக சாம்பியன் ஆனாரு. டாம் பிட்காக் 2021 டோக்கியோ, 2024 பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்லயும் மவுண்டன் பைக்ல தங்கம் வாங்கினவரு, அவரே டூர் டி பிரான்ஸ்ல ஆல்ப் துவேஸ் மலைல ஜெயிச்சவரு. ப்ரிமோஸ் ரோக்லிச் பனிச்சறுக்குல தாண்டிக் குதிக்கற வீரரா இருந்து வந்து ஸ்பெயின்ல நடக்கற மூணு வார பந்தயமான வுவெல்ட்டாவ நாலு தடவ ஜெயிச்சிருக்காரு. சைக்கிள்லயே சோறு சாப்பிடறவங்க நெலைம இது. நாம வேலைக்கு போய்ட்டு பிள்ளைங்கள பாத்துக்கிட்டு ஆசைக்கு ஓட்டறவங்க, நமக்கு ஒடம்பு முழுசா நல்லாருக்கணும், அறுவது வயசுலயும் ஏற்காடு ஏறணும், அதுதான் நம்ம கோப்பை.

ஜனவரி கடைசில நடந்த மொத ஏற்காடு ரைடுல மழைக்கால நிகழ்ச்சிக்கு ஒழுங்கா வந்தவங்க யாரும் நடுவுல நிக்கல. வேகம் கொறைஞ்சிருந்துச்சு, அது உண்மை, சைக்கிள் ஓட்டாம சைக்கிள் வேகம் வராது, மார்ச்சுக்குள்ள அது திரும்ப வந்துருச்சு. ஆனா பிப்ரவரில முட்டி வலின்னு வராம போனவங்க ரொம்ப கொறைவு, இத்தன வருஷத்துல நான் இப்படி பாத்ததில்ல. பிரெவே கேலண்டர் நவம்பர் 1லயே ஆரம்பிச்சாலும் நம்ம ஆளுங்க ஜனவரிக்கு மேல தான் எறங்கறாங்க, பிரான்ஸ்ல நடக்கற நெடுந்தூர ரைடான 2027 பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ்க்கு ஆசைப்படற ரெண்டு மூணு பேரு இருக்காங்க, 1200 கிலோமீட்டர 90 மணி நேரத்துல முடிக்கணும்னா கழுத்தும் முதுகும் தான் மொதல்ல கைவிடும், அவங்க கிணத்தையும் கர்லாக்கட்டையையும் விடாம புடிச்சுக்கணும்னு கேட்டுக்கறேன்.

பொதுக்குழு முன்னால ரெண்டு தீர்மானம் வெக்கறேன். ஒண்ணு, அக்டோபர்ல இருந்து பொங்கல் வரைக்குமான மழைக்கால நிகழ்ச்சிய சங்கத்தோட நிரந்தர வேலையா எடுத்துக்கிட்டு, அதுக்கு தனியா மூணு பேரு குழு போடறது, அதுல ஒருத்தராவது பெண் உறுப்பினரா இருக்கணும். ரெண்டாவது, முதலுதவிப் பெட்டி, கயிறு, மெதவை ஜாக்கெட் இதெல்லாம் சங்கக் காசுல வாங்கறது, டியூபயும் குடுக்கையையும் மட்டும் நம்பி இன்னொரு வருஷம் போக எனக்கு மனசில்ல. வரவு செலவு கணக்க அடுத்து பொருளாளர் அண்ணா வாசிப்பாரு, அது முடிஞ்சதும் ரெண்டையும் கை தூக்கி ஓட்டுக்கு விடலாம்ங்க.

இப்படிக்கு,
செயலாளர்