நீலச் சிலிண்டரைப் பற்றி

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசியபோது, உனக்குப் பின்னால் இருந்த மேசையில் விரல் நீளத்தில் ஏழெட்டு எஃகுக் குப்பிகளும் காற்றிறங்கிய ஒரு சிவப்புப் பலூனும் கிடந்தன. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாய். 31 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவளுக்கு அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கும் என்று தெரியாமலா போகும்? ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது அதுவல்ல. இரண்டு வாரமாக உள்ளங்காலில் எறும்பு ஊர்கிறாற்போல இருக்கிறது, குளிராக இருக்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாயே, அதுதான். குளிரால் வந்த மரமரப்பு கம்பளிக் காலுறை போட்டுப் படுத்தால் காலைக்குள் போய்விடும். இரண்டு வாரம் இருக்காது.

அந்தக் குப்பிக்குள் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு, சிரிப்பு வாயு; பலூனில் நிரப்பிப் போதைக்காக இழுக்கிறீர்கள். அதை நான் உன் வயதிலிருந்து அறிவேன். நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும் எங்கள் போயில்ஸ் மெஷினில் நீலச் சிலிண்டர் நைட்ரஸ், வெள்ளைக் கழுத்துள்ள கறுப்புச் சிலிண்டர் ஆக்சிஜன். காலையில் முதல் கேஸ் உள்ளே வருவதற்கு முன் இரண்டையும் திறந்து பார்ப்பதுதான் என் முதல் வேலை. ஆக்சிஜன் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் எங்கள் மயக்க டாக்டர் நீலக் குமிழைத் தொடவே மாட்டார். மூன்றில் ஒரு பங்காவது ஆக்சிஜன் கலக்காமல் ஒரு நோயாளிக்கும் கொடுத்ததில்லை. நைட்ரஸை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் வெறும் ஆக்சிஜனே கொடுப்போம். ஏனென்றால் ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஸ் ஒரே மூச்சாக நுரையீரலுக்குத் திரும்பி வந்து, ஆக்சிஜனுக்கு அங்கே இடமில்லாமல் செய்துவிடும். பலூனில் இவை ஒன்றும் கிடையாது. பக்கத்தில் நிற்பவனும் பலூன் பிடித்தவனாகவே இருப்பான்.

நீ படிக்கும் இங்கிலாந்தின் பிரிஸ்டலில்தான் 1799இல் ஹம்ப்ரி டேவி என்ற இளைஞர் இதைத் தானே இழுத்துப் பார்த்து, நண்பர்களுக்கும் கொடுத்து, மறு வருடம் அதை ஒரு புத்தகமாகவும் எழுதினார். அறுவை சிகிச்சையில் வலி தெரியாமல் இருக்க இது உதவலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை யாரும் பொருட்படுத்தாமல் 40 வருடத்துக்கு மேல் வெறும் வேடிக்கையாகவே வைத்திருந்தார்கள். வேடிக்கை என்ன என்பதும் எனக்குத் தெரியும். உதடு மரத்து, குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டு, காரணமில்லாமல் சிரிப்பு வரும். ஓரிரண்டு நிமிடத்தில் எல்லாம் கலைந்துவிடும். கலைந்துவிடுகிறது என்பதுதான் இதன் கெடுதல். சட்டென்று தெளிந்துவிடுவதால் இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று ஓர் இரவில் எத்தனை போனது என்ற கணக்கே இருக்காது. க்ரீம் நுரைக்கச் செய்த அந்தச் சிறு குப்பியில் 8 கிராம்தான். இப்போது வரும் பெரிய உருளைகளில் அதைப்போல் எத்தனையோ மடங்கு இருக்கிறது. வாயு வெளியேறும்போது கடுங்குளிராகும் அந்த உருளையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பலூன் நிரப்பிய பிள்ளைகளுக்குத் தொடையின் உட்புறம் உறைந்து வெந்துபோய், வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டிய நிலை வந்திருக்கிறது.

இனி உன் காலுக்கு வருகிறேன். பி12 வைட்டமினின் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. நைட்ரஸ் அந்த அணுவைக் கெடுத்துவிடும். கெட்டது திரும்பச் சரியாகாது, புதிய பி12 உள்ளே போனால்தான் உண்டு. மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல நரம்பின் மேல் ஓர் உறை இருக்கிறது. பி12 இல்லாமல் அந்த உறை சிதையத் தொடங்கும்போது, தண்டுவடத்தின் பின்பக்கத்தில், காலை எங்கே வைத்திருக்கிறோம் என்று மூளைக்குச் சொல்லும் பாதை முதலில் அடிபடும். மாமிசம் சாப்பிடுகிற பையனின் ஈரலில் சில வருடத்துக்கான இருப்பாவது இருக்கும். நம் வீட்டில் மூன்று தலைமுறையாக முட்டைகூடக் கிடையாது. நமக்கு பி12 வந்ததெல்லாம் பாலிலும் தயிரிலும்தான். அதையும் ஜனவரியில் விட்டுவிட்டேன், ஓட்ஸ் பாலுக்கு மாறிவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய். உன் கொள்கையை நான் குறை சொல்லவில்லை. காலிப் பானையில் ஓட்டை போடுகிறாய் என்று சொல்கிறேன்.

அதனால் நான் கேட்பதற்கு மழுப்பாமல் பதில் எழுது. மாடிப்படி இறங்கும்போது பாதத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறதா? காலிலிருந்து செருப்பு நழுவியது தெரியாமல் நடந்திருக்கிறாயா? முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடிச் சுவரைப் பிடிக்கிறாயா? கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால், ஒரு நாளும் தள்ளாமல் மருத்துவமனைக்கே போய்விடு.

டாக்டரிடம் போனால் பலூனைப் பற்றி நீயாகவே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் பி12 அளவை மட்டும் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிடக்கூடும். ரத்தத்தில் அளவு இருக்கும், ஆனால் இருப்பது வேலை செய்யாத பி12. ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் என்ற இரண்டு பரிசோதனைகள்தான் உள்ளதைக் காட்டும். கடையில் பி12 மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பலூனையும் தொடரலாம் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். அது ரிப்போர்ட்டை அழகாக்கும், நரம்பைக் காக்காது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாக விழுங்குவது நரம்பை இன்னும் கெடுக்கும். இதற்கு மருந்து, வாயுவை அடியோடு நிறுத்திவிட்டு ஹைட்ராக்ஸோகோபாலமின் என்ற பி12 ஊசியை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்வது. சீக்கிரம் தொடங்கியவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறுகிறார்கள். தாமதித்தவர்களில் சிலருக்குக் கைத்தடி மிஞ்சுகிறது.

போலீசுக்குப் போய்விடுமோ என்று பயந்து டாக்டரிடம் மறைத்துவிடாதே. நீ சொல்வதை அவர் ரகசியமாகத்தான் வைத்திருப்பார். ஆனால் சட்டம் விளையாட்டல்ல. 2023 நவம்பர் 8 முதல் அந்த நாட்டில் நைட்ரஸ் சி வகுப்புப் போதைப்பொருள். அதற்கு முன், போதைக்கென்று விற்பதுதான் குற்றம். இப்போது இழுப்பதற்காகக் கையில் வைத்திருந்தாலே 2 வருடம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். விற்றாலோ கொடுத்தாலோ 14 வருடம் வரை. நண்பனுக்கு ஒரு குப்பியை நீட்டுவதும் கொடுப்பதுதான். சமையலுக்கும் மருத்துவத்துக்கும் தடையில்லை என்பதால் அறையில் க்ரீம் செய்யும் கருவி இருக்கிறது என்று சமாளிக்கலாம் என நினைப்பாய். பலூனுக்கு என்ன பதில் சொல்வாய்? உனக்கு வாதம் பிடிக்கும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: அரசின் சொந்த ஆலோசனைக் குழுவே இந்தச் சட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொன்னது. இழுக்கிற பிள்ளையைச் சிறைக்கு அனுப்புவதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் வழக்கு என்று ஒன்று வந்தால், அடுத்த விசா விண்ணப்பத்தில் அதை எழுதவேண்டியவன் நீதான், அந்தக் குழு அல்ல.

அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே டிக்கெட் போடுவார். அது உனக்கு உதவாது. மிச்சமிருக்கும் குப்பிகளை இன்றே அறையிலிருந்து அகற்று. கால் இப்போதைப் போலவே இருந்தால், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டர் கிளினிக்கில் போன் எடுத்ததும் உன் அழைப்பு முதலில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டித்தானே விசா வாங்கினோம், கூச்சம் எதற்கு? எத்தனை மாதமாக, வாரத்துக்கு எத்தனை என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. வாயால் சொல்ல வரவில்லை என்றால் தாளை நீட்டினால் போதும். பார்த்தவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுது, எந்த நேரமானாலும் விழித்திருப்பேன்.

அம்மா